அலைனர் போட்ட உண்ணாவிரதம்

உண்ணாவிரதம் என்றால் என்னவென்று என் மனைவிக்குக் காட்டிவிடுவது என முடிவெடுத்தேன்.

குடிநீருக்காக இருந்திருக்கிறேன். பீடிக் கூலிக்காக இருந்திருக்கிறேன். சிறையில் சோற்றில் புழு நெளிந்ததற்காக இருந்திருக்கிறேன். மொத்தம் பதினான்கு. ஒன்றில்கூட ஒரு பருக்கை திருட்டுத்தனமாக உள்ளே போனதில்லை. எனக்கென்று வேறு சொத்து கிடையாது.

பதினைந்தாவது, என் வீட்டில். டீக்காக.

முன்பற்கள் இரண்டும் விலகிவிட்டன. மைக்கில் முழக்கமிட்டால் விசில்தான் முதலில் போகிறது. தென்காசியில் பல் டாக்டர் ரெபேக்காள் அலைனர் மாட்டிவிட்டார். பல்லின் மேல் கண்ணாடி உறை மாதிரி ஒரு பிளாஸ்டிக். இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடவும் டீ குடிக்கவும் மட்டும் கழற்ற வேண்டும். பல்லைத் தேய்த்து, உறையையும் கழுவித்தான் திரும்ப மாட்ட வேண்டும். உறைக்குள் எச்சில் ஓடிக் கழுவாது, கிருமிகள் பாசி போலப் படிந்து ஈறைக் கெடுக்கும் என்றார்.

எனக்கு நாளுக்கு எட்டு டீ. எட்டு முறை கழற்றுவதா? தடியடிக்கு நகராதவன் பிளாஸ்டிக்குக்குப் பணிவதா? மாட்டியபடியே குடித்தேன்.

மூன்றாம் வாரம் உறை மங்கி வழவழத்தது. துப்பினால் ரத்தம். நான் பேச வாய் திறந்தால் முப்பிடாதி, அவள்தான் என் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுவச் சொன்னாள். மறுத்தேன். கழுவும்வரை வீட்டில் டீ இல்லை என்று அடுப்பை அணைத்தாள்.

"இது அடக்குமுறைட்டி."

"ஆமா. மனு எழுதிக் குடுங்க, பாக்கேன்."

முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். உண்ணாவிரதத்துக்கு ஒரு மரபு உண்டு. எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும். பழரசம் கொடுத்து முடித்துவைக்க வேண்டும். தாசில்தாரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முதல் நாள் முப்பிடாதி பாயைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் சாரல். ஆதரவு திரட்டத் தோழர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் இறந்து இரண்டு வருஷமாகிறதாம். எனக்குத் தெரியாது. இன்னொரு எண்ணை யாரும் எடுக்கவில்லை. ஜெபசிங் மட்டும் பேசினார். சர்க்கரை இருக்கிறது, பட்டினி கிடக்க முடியாது, நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள் தோழர் என்றார். போனை வைத்த பிறகு வீடு மிகவும் அமைதியாக இருந்தது.

மத்தியானம் காற்று வாங்க ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன். காற்று பரோட்டாக் கடை வழியாக வந்தது. நான்கு பரோட்டா, இரண்டு கரண்டி சால்னா. அலைனரைக் கழற்றவில்லை. கழற்றினால், சாப்பிடுகிறேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

திரும்பிவந்து பாயில் உட்கார்ந்தேன். வாயைக் கொப்பளிக்கக்கூட இல்லை. உண்ணாதவன் எதற்குக் கொப்பளிக்கிறான் என்று கேள்வி வருமே.

முப்பிடாதி கண்ணாடி டம்ளரோடு வந்தாள். உள்ளே சோடா போல நுரைத்த பானம். பேச்சுவார்த்தை. என் கண் கலங்கிவிட்டது.

"போதும், நான் தோத்துட்டேன்னே வச்சுக்கிடுங்க," என்றாள். "அதக் கழட்டிக் குடுங்க."

குடிக்குமுன் கழற்றுவதுதானே முறை. வெற்றிக் களிப்பில் கழற்றிக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பல்லுக்குப் பல் மஞ்சள்.

"கிருமிட்டி," என்றேன்.

"ஆமா. கிருமி கறிவேப்பிலை போட்டுல்லா தாளிச்சிருக்கு."

பதினான்கு உண்ணாவிரதமும் அந்த மஞ்சளில் போயிற்று. வெளியே சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். எந்த அதிகாரியிடமும் நான் கெஞ்சியதில்லை.

"நான் ஏன் சொல்லுதேன்? நீங்க வேளைக்கு ஒழுங்கா தேய்ச்சீகன்னா."

சம்மதித்தேன். மரபையாவது காப்பாற்றுவோம் என்று டம்ளருக்குக் கை நீட்டினேன். அவள் என் அலைனரை அதற்குள் போட்டாள்.

"கைய எடுங்க. டாக்டரம்மா குடுத்த மாத்திரைத் தண்ணி. இது உங்களுக்கில்ல, அதுக்கு."