காயிலை விட்டுட்டு டயர் மாத்துன கதை

போன வாரம் காரை ரிப்பேர் பாக்க வேண்டியிருந்துச்சு. அவ்ளோதான் வேலை.

சிதம்பரத்துல மாப்பிள்ளை வீடு பாக்கப் பெரியவங்க மட்டும் போறோம். பொண்ணு குடுக்குற எடம். வாடகை வண்டியில போய் எறங்குனா நம்மள என்னன்னு நெனைப்பாங்க? சொந்தக் காருலதான் போவேன்னுட்டேன். சொந்தக் காருன்னா, எம்பொண்ணுக்கு முன்னாடியே பொறந்த காரு.

கடலூர்ல மெக்கானிக் பாத்துட்டு, இக்னீஷன் காயில் போச்சுன்னாரு. காலையில ஸ்டார்ட் ஆவுமாம். ஓடிச் சூடானப்புறம் ஆஃப் பண்ணிட்டா சாவிக்கு மசியாதாம், தள்ளித்தான் எடுக்கணுமாம். டயரும் வழுக்கை, அதையும் பாத்துக்குங்கன்னாரு.

கையில இருந்ததுக்கு ரெண்டுல ஒண்ணுதான் ஆவும். கூட வந்த மச்சான், எம்பொஞ்சாதியோட தம்பி, யோசனை சொன்னான்.

"காயில் பானட்டுக்குள்ள கெடக்குது மாமா. அத எவன் தொறந்து பாக்கப் போறான்? டயருதான் கண்ணுக்குத் தெரியும்."

எனக்கும் ஞாயமாப் பட்டுச்சு. எங்க ரெண்டு பேரு தலையையும் சேத்து உருக்குனாலும் ஒரு காயில் தேறாது.

டயர் கடையில வண்டிக்கேத்த அளவை எடுத்துப் போட்டாங்க. மச்சானுக்கு அது சைக்கிள் டயராத் தெரிஞ்சுதாம். தடியா ஒரு ரகத்தைக் காட்டி மாட்டச் சொன்னான். வளைவுல உரசும்னாரு கடைக்காரரு. அப்ப நேரா ஓட்டிக்கிறோம்னான். நான் சிரிச்சேன். அழுதிருக்கணும்.

சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்து மேல ஏத்திக் கெளம்பியாச்சு. புதுச்சத்திரம் வரைக்கும் ராஜா மாதிரி போனேன். சிதம்பரத்துல கீழவீதி முக்குல திருப்புனேன் பாருங்க, டயர் உரசி ஆட்டைப் புடிச்சு அறுக்குற சத்தம். பூக்கட்டுற அம்மா பூவைப் போட்டுட்டு எழுந்துடுச்சு.

மாப்பிள்ளை வீட்டு வாசல்ல இன்ஜினை ஓடவிட்டே நிறுத்தி, மச்சானைக் காவலுக்கு வச்சுட்டு நானும் எம்பொஞ்சாதியும் உள்ள போனோம். பேச்சு நல்லாப் போச்சு. கை நனைங்கன்னு எலை போட்டாங்க. சம்மதம்னாதான் அந்த வீட்டுல சாப்பிடுறது எங்க பக்கத்து வழக்கம். உக்காந்துட்டோம்.

திரும்பிப் பாத்தா பக்கத்து எலையில மச்சான். வடை வாசம் வாசல் வரைக்கும் போயிருக்கு.

வண்டிகிட்ட யாருடான்னேன். வாய் நெறைய வடை. அதுக்குள்ள வெளியிலேருந்து சம்பந்தி வந்தாரு. சாவிய ரெண்டு கையாலயும் மரியாதையா நீட்டுனாரு.

"வண்டி சும்மா ஓடிக்கிட்டிருந்துது சம்பந்தி. மறந்துட்டீங்க போல, ஆஃப் பண்ணிட்டேன்."

எம்பொஞ்சாதி என்னையப் பாக்குறா, நான் எலையப் பாக்குறேன்.

கெளம்புறப்ப சாவியத் திருப்புனேன். ஒரு இருமல், அதோட சரி. மச்சான் எறங்கித் தள்ளுனான், அசையல. சம்பந்தி பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு. பின்னாடியே மாப்பிள்ளை. அப்புறம் அவுங்க தெருவே வந்துது. எம்பொண்ணக் கட்டிக்கப்போற புள்ள, பெத்த தகப்பனோட சேந்து என் காரைத் தெருமுனை வரைக்கும் தள்ளுது. அங்கதான் வண்டி எடுத்துச்சு.

சம்பந்தியம்மா ஜன்னலோரமா வந்து எம்பொஞ்சாதி கையப் புடிச்சுக்கிட்டு பாசமாத்தான் சொன்னாங்க.

"கல்யாணத்துக்கு நாங்களே வண்டி அனுப்பிடுறோம் அண்ணி."