கப்பலுக்கு முன்பே கரை சேர்ந்தவர்கள்

கடல் யாத்திரைகளின் வரலாற்றில், தாங்கள் வந்த கப்பலுக்கு முன்பே கரை சேர்ந்த மாலுமிகள் என்ற பெருமை மயிலாப்பூர் சமுத்திர சஞ்சார சங்கத்தையே சாரும். அச்சங்கத்தின் காரியதரிசி அப்துல் கய்யூம் என்பவன் அடியேன்தான்.

முப்பத்து நாலாம் வருஷம் கடல் காற்றுக்கு ஏக மவுசு. பித்தம், வாதம், மனைவியின் கோபம் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று பத்திரிகைகள் எழுதின. கச்சேரி ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த வலியுல்லா சாகிப் அவற்றையெல்லாம் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் கப்பல் ஓட்டுவதால் நாடு அவன் கையில் இருக்கிறது, நாமோ கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம் என்று ஒரு நாள் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஐந்து பேருக்கும் ரத்தம் கொதித்தது. உடனே சங்கம் பிறந்தது. அவர் தலைவர், ஜவுளிக்கடை மெஹபூப் அலி உபதலைவர், நான் காரியதரிசி, மற்ற மூவர் ‘நிர்வாகக் கமிட்டி’. சாதாரண அங்கத்தினர் யாரும் இல்லாததால் சங்கத்தில் பூரண ஒற்றுமை நிலவியது.

நாகூருக்கு ரயிலில் போய், தர்காவில் ஜியாரத் செய்துவிட்டு, பாய்மரத் தோணியில் சென்னை திரும்புவது என்று தீர்மானமாயிற்று. சாந்தோம் கடற்கரையில் பந்தல் போட்டு வரவேற்பு. வரவேற்புப் பத்திரத்தை நாங்களே எழுதி அச்சடித்து வைத்துவிட்டுக் கிளம்பினோம். பிறர் எழுதினால் எங்கள் தைரியத்தைக் குறைத்துவிடக்கூடும் அல்லவா?

என் மாமியார் ஜைதூன் பீக்கு நாகூரில் ஒரு நேர்ச்சை இருந்தது. அவரும் வந்தார். நான் வீட்டோடு மாப்பிள்ளை. அவர் எங்கே வரலாம், வரக்கூடாது என்று நான் முடிவு செய்யும் வழக்கம் கிடையாது. திரும்பும்போது அவரைத் தனியே ரயிலில் அனுப்ப முடியாததால், தோணியிலும் எங்களுடன் ஏறினார்.

நாகூரை விட்டதுமே கடல் எங்களிடம் கப்பம் கேட்டது. தின்றதையெல்லாம் ஒளிவுமறைவின்றிக் கொடுத்தோம். தலைவர் தோணியின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, அலை ஏறும்போது துஆ ஓதினார். இறங்கும்போது தோணிக்காரன் மிக்கேலைத் திட்டினார். ஜைதூன் பீ மட்டும் பாய்மரத்தடியில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவ்வப்போது எழுந்து வந்து, எங்கள் தலைகளில் ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டுப் போனார்.

கடைசித் தங்கல் கோவளம். ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்த ஊர். குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு மாலையிலேயே கிளம்பினால் காலையில் சாந்தோம் என்றான் மிக்கேல். ‘துறைமுகத்தைப் பார்வையிட’ நாங்கள் அறுவரும் கட்டுமரத்தில் கரைக்குப் போனோம். உபதலைவர் ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு, அது அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. அவர் கண்களில் நீர் வந்துவிட்டது.

அங்கேயே மணலில் அவசரக் கூட்டம் கூடிற்று. கோவளம் துறைமுகம் சரித்திரப் பிரசித்தி பெற்றதாகையால், மீதித் தூரத்தைத் தரை மார்க்கமாக ‘ஆராய்ந்துகொண்டே’ செல்வதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கேளம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைக்குக் கடைசி மோட்டார் பஸ் கிளம்பப் போவதாகச் சாயாக் கடைக்காரர் சொன்னதற்கும் இந்தத் தீர்மானத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

மிக்கேல் கூப்பிட வந்தான். "காத்து மாறிக்கினு வருது சாய்பு. வர்றதுன்னா இப்பவே வாங்க. இல்லாங்காட்டி அம்மாவையும் எறக்கி இட்டாந்துட்றேன்."

மாமியார் கட்டுமரத்தில் இறங்கி, மணலில் நடந்து வருவதற்குள் பஸ் போய்விடும். காரியதரிசி என்ற முறையில் நான் சுயமாக எடுத்த ஒரே முடிவை அப்போது எடுத்தேன்.

"வேணாம் மிக்கேலு. அவங்க தோணியிலயே சௌகரியமா இருக்காங்க. துறைமுகத்த பாத்துட்டு வந்துட்றோம்னு சொல்லு."

எந்த வழியாக வருவீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் வலியச் சொல்லவில்லை.

இரவு சைதாப்பேட்டையில் நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் அடையாற்று முகத்துவாரத்தில் இறங்கி, உடுப்புகளை வேண்டிய அளவுக்கு நனைத்துக்கொண்டு சாந்தோம் போய்ச் சேர்ந்தோம். கழுத்தில் மாலை விழுந்தது. கப்பல் எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

"பின்னால் வருகிறது" என்றார் தலைவர்.

வரவேற்புப் பத்திரத்தை வாசித்தார்கள். ‘உடன் வந்தோரை உயிர் போயினும் கைவிடாத தீரர்களே’ என்று நான் ரசித்து எழுதிய வரி வந்தபோது, வடக்கேயிருந்து ஒரு காற்று அடித்துப் பந்தல் துணியைக் கிழித்தது. அந்த நேரத்தில் ஜட்கா வண்டியிலிருந்து என் மனைவி ஷாகிரா இறங்கி வந்தாள்.

"அம்மா எங்கே?"

"பின்னாலே வர்றாங்க" என்றேன். தலைவர் சொன்ன அதே வார்த்தைதான். எனக்கு அது அவ்வளவு கம்பீரமாக வரவில்லை.

காற்று வலுத்தது. மீன் பிடிக்கப் போன கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தோணியைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தது. ஷாகிரா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலை ஓரத்தில் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். என் தலையில் எலுமிச்சம்பழ வாசனை இன்னும் இருந்தது. நாகூர் ஆண்டவரிடம் அன்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி, சென்ற வாரம் தர்காவிலேயே நின்றபோதுகூட வேண்டவில்லை.

பிற்பகலில் ஆள் வந்தது. ஊரூர்க் குப்பத்தில் ஒரு தோணி கரையில் மோதிக் கிடக்கிறதாம். சங்கம் முழுவதும் ஜட்காக்களில் ஓடினோம்.

தோணியின் பாய்மரம் முறிந்திருந்தது. மிக்கேல் கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றான். ஜைதூன் பீ, தேசம்மா என்ற மீன்காரி கொடுத்த காய்ந்த புடவையைப் போர்த்திக்கொண்டு, அவள் குடிசை வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஷாகிரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

நேற்று மாலையே ஏன் கிளம்பவில்லை என்று தலைவர் மிக்கேலை அதட்டினார்.

"நான் இன்னா பண்ணட்டும்? மாப்ளைங்க வந்துடுவாங்க, வுட்டுட்டுப் போகக்கூடாதுன்னு அம்மா பாய ஏத்தவே வுடல. ராவெல்லாம் கரையப் பாத்துக்கினே குந்தினு இருந்தாங்க. விடிஞ்சப்புறந்தான் எடுத்தோம். காத்துல மாட்டிக்கினோம்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜைதூன் பீ அவர்களுக்குச் சங்கம் விசேஷ மரியாதை செய்யும் என்றும், ஜட்கா தயாராக இருக்கிறது, வீடு வரைக்கும் பத்திரமாகக் கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு என்றும் சொன்னார்.

என் மாமியார் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். எங்கள் கழுத்து மாலைகளை ஒரு முறை பார்த்தார். கோபமில்லாத குரலில்தான் சொன்னார்:

"கடல்ல போறதுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்ல சாய்பு. உங்க கூட தரையில வர்றதுக்குத்தான் பயமா கீது."

சங்கத்தின் சார்பில் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை காரியதரிசியாகிய என்னுடையது. விஷயம் பரிசீலனையில் இருக்கிறது.