இரண்டு இருக்கிறது, இரண்டும் பழசு

கையில் காசில்லாதவனின் பெரிய ஆசையில் ஒரு சௌகரியம் உண்டு. அது நிறைவேற நாளாகும். அதுவரை ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளலாம். நான் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டியதைவிடப் பீற்றிக்கொண்டதுதான் அதிகம்.

கட்டப்போகும் வீடுகளின் முன்பக்கத்தைக் கம்ப்யூட்டரில் படமாக வரைந்து கொடுப்பது என் வேலை. (வீடு முடிந்தபின் படத்தில் இருந்தது எதுவும் அங்கே இருக்காது. அது என் பொறுப்பல்ல.) ஒரு படம் தெளிந்து வருவதற்குள் என் பழைய கம்ப்யூட்டர் அழுது தீர்த்துவிடும். கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸரை இரண்டாகப் போட்டால் பறக்கும் என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்தார். ஏதோ கம்பெனியில் கழித்துப்போட்ட சர்வர் போர்டு சென்னையில் மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். நம்பினேன்.

முதலில் போர்டு வந்தது. அதில் பொருத்த ஒன்றும் இல்லாததால் பல மாதங்கள் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளோடு படுத்துக் கிடந்தது. பிறகு ஒரு பிராசஸர். அப்புறம் ஒரு வீட்டுப் படம் முடிந்தால் ஒரு மெமரி. அந்தப் போர்டு எந்தக் கேபினட்டிலும் அடங்கவில்லை. கடைசியில் வாசலில் இருந்த இரும்புச் செருப்பு ஸ்டாண்டைக் கழுவி ஹாலுக்குள் கொண்டுவந்து அதன்மேல் மாட்டினேன். சரஸ்வதியைச் செருப்பு ஸ்டாண்டில் உட்காரவைத்த பாவம் யாரைச் சேரும் என்று அம்மா தினமும் கேட்டார்.

சர்வர் காற்றாடிகளுக்கு மெதுவாகச் சுற்றத் தெரியாது. முதன்முறை போட்டபோது எழுந்த இரைச்சலில் அப்பா நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தார். மூடிப்போன மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். "அப்பிடியே எங்க செக்‌ஷன்டா," என்றார். பெருமையா புகாரா என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது பிராசஸர் வந்து சேர்ந்த சமயம், அரியாங்குப்பத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் எங்கள் முதலியார்பேட்டை வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சனியன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடு என்றார் அம்மா. நானோ, என்னிடம் இருக்கிற ஒரே தகுதியையும் மூடச் சொல்கிறாரே என்று வருந்தினேன்.

வந்தவர்களில் பேசுகிறவர் பெண்ணின் தாய்மாமா. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். தம்பி என்ன பண்றீங்க என்று கேட்டார். வாயால் சொன்னால் போதாதா? சுவிட்சைப் போட்டேன்.

சுவரில் இருந்த காலண்டர் எழும்பி நின்றது. சூடான காற்று நேராகத் தாய்மாமாவின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். ஒரு எழுத்துக்கூடக் காதில் விழவில்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்த மனிதர் என் கம்ப்யூட்டரைப் பற்றி அல்லாமல் வேறெதைக் கேட்பார்? அடிவயிற்றிலிருந்து கத்திப் பதில் சொன்னேன்.

"ரெண்டு இருக்குங்க. மொதல்ல ஒண்ணுதான் வெச்சிருந்தேன். ரெண்டாவது போன வாரந்தான் சென்னையிலேர்ந்து வந்துச்சு."

அவர் முகம் மாறியது. வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். மறுபடி ஏதோ கேட்டார்.

"ரெண்டுமே பழசுதாங்க. வேற எடத்துல இருந்ததுதான்."

மூலையில் அப்பா இரண்டு கைகளையும் மேலும் கீழும் ஆட்டினார். இன்னும் சத்தமாகச் சொல் என்கிறார் என்று புரிந்துகொண்டு மூச்சை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா அடுப்படியில் காபிக்காகக் கரண்ட் அடுப்பைப் போட்டார். மொத்த வீடும் ட்ரிப் ஆகிக் காற்றாடிகள் நின்றன. நிசப்தத்தில் என் குரல் மட்டும் தெரு முனைவரை போனது.

"ரெண்டும் ஒண்ணா வேல செஞ்சாதாங்க எனக்குக் கட்டுப்படியாவும்!"

தாய்மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். போய்த் தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். காபி வருவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மில் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு வாழ்ந்தவர்; அந்த ஹாலில் தாய்மாமா கேட்டது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி எங்கனா கல்யாணம், தொடுப்பு ஏதாச்சும் உண்டானு கேட்டாருடா," என்றார்.

நான் ஆட்டோவைத் துரத்திக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டுச் செருப்பெல்லாம் தரையில் குவிந்து கிடந்ததால், போட்டுக்கொண்டு ஓடியது அம்மாவுடையது. ஆற்றுப்பாலம் வரை போயும் பிடிக்க முடியவில்லை. ஃபோனில் தாய்மாமாவுக்குப் பிராசஸர் என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தக் காலத்தில் அதற்கு இப்படியும் பேர் வைக்கிறார்களா என்றார்.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், நான் படம் வரையும் பழைய சாஃப்ட்வேருக்கு இரண்டாவது பிராசஸர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அரியாங்குப்பம் முழுக்கத் தெரிந்திருந்தது.

ஒன்றிரண்டு வருடம் எந்த வரனும் எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை. பிறகு காலாப்பட்டிலிருந்து ஒருவர் மகளுக்காக வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மெயின் சுவிட்ச் எங்கே என்று அப்பாவிடம் விசாரித்தார். தானே போய் அதை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இப்ப சொல்லுங்க தம்பி," என்றார். "மொத்தம் எத்தன?"

அவர்தான் என் மாமனார். இன்றும் வீட்டில் கரண்ட் போனால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்பாள்.