பிராங்ளினின் டிஜிட்டல் மெஷின்

தோட்டத் தொழிலாளி கெஸியா பேச வேண்டிய மைக்கில் சத்தம் வரவில்லை. பிராங்ளின் இன்னொரு பட்டனை அமுக்கினார். அதுவரை எரிந்துகொண்டிருந்த சின்னத் திரையும் இருண்டுபோனது.

"சார், பழைய மைக் பெட்டியவே எடுத்தாரட்டுங்களா?" என்றாள் கெஸியா.

"அது தகர டப்பா. இது டிஜிட்டல்!"

அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது கேட்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் போலிருக்கும்.

பிராங்ளின் எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க். தேயிலை விலை பாதாளத்துக்குப் போய் பாக்டரியை மூடிய பிறகு, நாற்காலி காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் உட்கார்ந்திருப்பது மட்டுமே அவருடைய உத்தியோகம். அந்த ஓய்வில்தான் எஸ்டேட் சர்ச்சுக்கு அவர் தானாகவே சவுண்ட் என்ஜினீயர் ஆனார். மஸ்கட்டில் இருந்த மச்சானை நச்சரித்து, வீட்டுச் சாமான்களும் விற்கிற ஒரு கோயமுத்தூர் கடையிலிருந்து சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு ஒரு டிஜிட்டல் மிக்ஸரை வரவழைத்தார். அதன் நடுவிலிருந்த கண்ட்ரோல் மாட்யூலைத் தன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சபைக்கே அறிவித்தார். கூட வந்த விளக்கப் புத்தகத்தை அவரும் தொடவில்லை. புத்தகம் பார்த்துச் செய்வதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை.

அன்று அறுப்பின் பண்டிகை. அறுக்க ஒன்றுமில்லை என்றாலும் சர்ச் நிறைந்திருந்தது. பாக்டரியை வாங்கித் திறக்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்த மனோகரன் முதலாளி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் தொழிலாளிகள் சார்பில் கெஸியா அவரிடம் முறையிட வேண்டும். அவளுக்கோ பனியில் வேலை தேடி அலைந்து தொண்டை கட்டியிருந்தது. மைக் இல்லாமல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

பிராங்ளின் செல்போனோடு மிக்ஸருக்குப் பின்னாலிருந்த ஜன்னலோரம் ஒதுங்கினார். அங்கேதான் டவர் கிடைக்கும். கோயமுத்தூர் கடையின் சர்வீஸ் ஆள் போனை எடுத்தார்.

"சொல்லுங்க."

"குன்னூர்ப் பக்கமிருந்து பேசறேன். உங்க கடை டிஜிட்டல் மெஷின். கண்ட்ரோல் மாட்யூல் அப்படியே நின்னுருச்சு."

"மாடல் நம்பருங்க?"

"நீங்க வித்ததை நான் வேற சொல்லணுமா? உங்க கடையிலயே பெருசு அதான்!"

"கோவிச்சுக்காதீங்க. லோடு எவ்வளவுங்க?"

பிராங்ளின் மிக்ஸரின் முதுகைப் பார்த்தார். ஓர் ஓட்டை விடாமல் வயர் குத்தியிருந்தார்.

"ஃபுல் லோடு."

"அதானுங்க வினை. பாதியை வெளிய எடுத்துருங்க."

பிராங்ளின் கைக்கு வந்த பாதியைப் பிடுங்கினார். திரை எரிந்தது. ஆனால் பாடகர் குழுவின் மைக்குகள் ஒட்டுமொத்தமாகச் செத்தன. மேடையில் வரிசையாக வாய்கள் திறந்து மூடின.

"திரை வந்துருச்சு. மத்ததெல்லாம் போச்சு."

"டிரம் எப்படிங்க இருக்குது?"

டிரம் வாசித்துக்கொண்டிருந்த லூயிஸை பிராங்ளின் வெறுப்போடு பார்த்தார். "கடமுடான்னு ஒரே சத்தம்."

"ஆட்டம் இருக்குதுங்களா?"

"தலையிலருந்து கால் வரைக்கும்."

"டிரம்மைக் கையால புடிச்சு நிறுத்திப்போட்டு ரீசெட் பண்ணுங்க."

பிராங்ளின் சபை நடுவே ஓடி, பாட்டின் பாதியில் லூயிஸின் கையிலிருந்த குச்சிகளைப் பறித்தார். லூயிஸ் வெறும் கையோடு திகைத்து உட்கார்ந்திருந்தார். தாளம் இல்லாத பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுபட்டு விழுந்தது. பிராங்ளின் திரும்பி ஓடிவந்து ரீசெட்டை அமுக்கினார். செய்து வைத்திருந்த அமைப்புகள் எல்லாம் அழிந்துபோய், ஸ்பீக்கர் நரி மாதிரி ஊளையிட்டது. போதகர் வேதாகமத்தால் ஒரு காதை மூடிக்கொண்டார்.

"இப்ப ஊளையிடுது!" என்று பிராங்ளின் போனில் கத்தினார்.

"சூடாயிருச்சுங்க. டிலேன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை முழுசா வெச்சுட்டு, கை வைக்காம விட்டுருங்க. தானா சரியாயிரும்."

பிராங்ளின் டிலேயை முழுசாக ஏற்றினார். ஊளை நின்றது. அவர் நெஞ்சை நிமிர்த்தி, கெஸியாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

கெஸியா மைக்கைப் பிடித்தாள். பேச நினைத்திருந்த எல்லாம் மறந்துபோய் ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஐயா, பாக்டரியத் திறங்க."

திறங்க... திறங்க... திறங்க... என்று டிலேயின் எதிரொலி நாலு சுவரிலும் முட்டியது. ஓய்வதற்குப் பதில் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிதானது. பயந்துபோன கெஸியா, "அடுப்பெரியலீங்க!" என்றாள். அதுவும் போய்ச் சேர்ந்துகொண்டது. திறங்க, எரியலீங்க, திறங்க, எரியலீங்க என்று கூரைத் தகரம் அதிர்ந்தது. பிராங்ளின் பதறிப்போய் ஒரு திருகைத் திருகினார். அது சத்தத்தை இன்னும் கூட்டுகிற திருகு.

மனோகரன் முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார். வாசல்வரை கூட்டம். வெளியேற வழியில்லை. பாய்ந்து கெஸியாவிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"திறக்கறேன்! திங்கக்கிழமையே திறக்கறேன்! மொதல்ல இதை நிறுத்துங்க!"

திறக்கறேன்... திறக்கறேன்... திறக்கறேன்...

சபை மொத்தமும் எழுந்து கைதட்டியது. போதகர் ஆமென் என்றார். அது ஒரு டஜன் ஆமென் ஆனது. அத்தனை சாட்சிகளுக்கு முன்னால் சொன்னதை முதலாளியால் திரும்ப விழுங்க முடியவில்லை. கெஸியா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிராங்ளின் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் விளக்கினார். "அது எஃபெக்ட். இந்த மலையிலேயே வேற எவனுக்கும் வைக்கத் தெரியாது."

பிறகு ஜன்னலோரம் போய், பெரிய மனசு பண்ணி, சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டார்.

"பரவாயில்லைய்யா. நீ சொன்னபடி நான் பண்ணினதுல மெஷின் பிரமாதமா வேலை செஞ்சுது."

"ரொம்ப சந்தோஷமுங்க. துணியெல்லாம் நல்லா வெளுத்துருச்சுங்களா?"