ஆறு வாய் தேடிய டுன்னா

திங்கட்கிழமை, பத்து ஊர் வழக்குகளைத் தீர்க்கும் நூற்றுவர் சபை கூடுவதற்குள் டுன்னாவுக்கு ஆறு ஆண்பிள்ளைகள் வேண்டும். சிலுவையில் கை வைத்து, "டுன்னா செய்த சத்தியம் சுத்தமானது, பொய் கலவாதது" என்று சொல்ல ஆறு வாய். கிடைத்தால் அவன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்திக்கொண்டு தேவாலயத்துக்குள் ஒன்பது அடி நடக்க வேண்டும்.

எல்லாம் ஒரு பன்றியால் வந்த வினை. காட்டோரம் ஓக் விதை பொறுக்கிக்கொண்டிருந்த ஓஸ்காரின் கிடாப் பன்றி, போன மாதம் காணாமல் போனது. அந்தச் சமயத்தில் மூன்று நாள் ஊர் ஆண்கள் ஆறு பேர் பிரபுவின் மான் வேலியைக் கட்டக் காட்டுக்குப் போயிருந்தார்கள். ஓஸ்கார் மகள் வீட்டுக்குப் போயிருந்தான். டுன்னா மட்டும் பல்வலியில் கன்னம் வீங்கி, வீட்டில் படுத்துக் கிடந்தான்.

"ஊர்ல இருந்த ஒரே ஆம்பள நீதான்" என்று ஓஸ்கார் வாசலில் நின்று கத்தினான். "என் பன்னி என்ன, தானா நடந்து ரோமாபுரிக்கு யாத்திரை போயிடுச்சா?"

"பல்லு வலியில கஞ்சி குடிக்கவே முடியலய்யா. பன்னியை எப்படித் திங்கறது?"

"அதைச் சபையில சொல்லு!"

டுன்னா ஒரு முட்டையைக்கூடத் திருடியதில்லை. கோழி பக்கத்து வீட்டில் முட்டையிட்டால் அதுவும் அவர்களுக்கே என்று விட்டுவிடுகிற ஆள். ஆறு பேர் கிடைக்க அரை நாள் போதும் என்று நம்பிப் புறப்பட்டான்.

முதலில் கொல்லர் ஹூனா. ஊரில் அவர் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு வேறு யாருக்கும் இல்லை.

"நான் ஊர்லயே இல்லியேப்பா" என்றார் ஹூனா, துருத்தியைப் பார்த்துக்கொண்டே. "பாக்காததை எப்படிச் சத்தியம் பண்றது?"

"பாத்திருக்கணும்னு இல்லண்ணே. இவன் பொய் சொல்ல மாட்டான்னு நம்பினா போதும். நம்பறீங்கதானே?"

"நம்பறேன், நம்பறேன். நம்பிக்கைக்கு என்ன குறைச்சல்? ஆனா எனக்கு முட்டி வலி. சபை மேடு வரைக்கும் ஏற முடியாது."

தேனீ வளர்க்கும் லுல்லாவுக்குத் தேனீக்களை விட்டு வர முடியவில்லை. மூன்றாமவன் டுன்னாவைக் கண்டதும் வைக்கோல் போருக்குப் பின்னால் போனான். மற்ற மூவரும் கதவைத் திறக்கவே இல்லை. முப்பது வருஷம் ஒரே ஏரில் மாடு பூட்டியவர்கள். டுன்னா வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

"கதவைத் தட்டினா யாருங்க வருவாங்க?" என்றாள் மனைவி மில்ட்ரித். "கள்ளு வாசனை காட்டுங்க, தானா வருவாங்க."

கிறிஸ்து பிறப்புக்கென்று வைத்திருந்த பார்லியெல்லாம் கள்ளாயிற்று. ஆறு பேரும் வந்தார்கள். நன்றாகக் குடித்தார்கள். ஒருவரும் டுன்னாவின் முகத்தைப் பார்க்கவில்லை. லுல்லா மட்டும் நாலாவது கிண்ணத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ ரொம்ப நல்லவன்டா, டுன்னா, எங்களுக்கெல்லாம் நரகம்தான்டா" என்று அழுதான். ஹூனா அவனை இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மணியக்காரர் குதிரையோடு வந்து நின்றார்.

"என்ன டுன்னா, சாட்சிக்காரங்களுக்குக் கள்ளு ஊத்தினியாமே?"

"பழகினவங்கதானேங்க..."

"மடியில கனமில்லாதவன் எதுக்குய்யா ஊருக்கே ஊத்தறான்? ஓஸ்கார் இதையும் குற்றத்துல சேர்க்கச் சொல்றான்."

டுன்னா யோசித்து யோசித்து, கடைசியில் சமாதானமாகப் போய்விடலாம் என்று முடிவு செய்தான். தன்னிடமிருந்த ஒரே பெண் பன்றியை ஓட்டிக்கொண்டு ஓஸ்கார் வீட்டுக்குப் போனான்.

"உன் பன்னியை நான் எடுக்கல. ஆனா உன் வயித்தெரிச்சல் எனக்கு வேண்டாம். இதை வச்சுக்கோ."

ஓஸ்கார் பன்றியைக் கட்டிப் போட்டான். பிறகு தெருவுக்கு வந்து கையைத் தட்டினான். "பாத்துக்கோங்க! திருடாதவன் எவனாவது பன்னியைத் திருப்பித் தருவானா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கறான்!"

இப்போது பன்றியும் போயிற்று, பேரும் போயிற்று.

"இனிமே இரும்புதான்" என்றான் டுன்னா வீட்டுக்கு வந்து. "தூக்கிப் பழகினா பயம் போயிடும்."

மில்ட்ரித் தடுப்பதற்குள் அடுப்பில் கிடந்த ரொட்டிக் கல்லைப் பிடித்துவிட்டான். அவன் போட்ட கூச்சலில் கூரை மேலிருந்த காக்கைகள் பறந்தன. உள்ளங்கையில் முட்டை அளவு கொப்புளம்.

பாதிரியார் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட பாவி மனுஷா! இரும்பைப் பிடிச்சு, கட்டுப் போட்டு, மூணாம் நாள் பிரிச்சுப் பாப்போம். ஆறியிருந்தா நிரபராதி, சீழ் வச்சிருந்தா திருடன். நீ இப்பவே கொப்புளத்தோட வந்து நிக்கறியே?"

"இன்னொரு கை இருக்கே, சாமி?"

"அதையாவது எதுலயும் வைக்காதே!"

சனிக்கிழமை அவன் கொல்லர் பட்டறை வழியாகப் போனான். மணியக்காரர் உத்தரவுப்படி ஹூனா ஒரு இரும்புத் துண்டை அடித்துக்கொண்டிருந்தார். டுன்னாவைக் கண்டதும் சுத்தியல் நின்றது.

"எனக்குத்தானேண்ணே?"

ஹூனா இரும்பைக் குறட்டால் திருப்பித் திருப்பி வைத்தார்.

"உங்க மேல தப்பில்லண்ணே. சொன்னதைச் செய்யறீங்க." டுன்னா கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டான். "ஓரம் மட்டும் கொஞ்சம் மழுக்கி விடுங்க. ஏர் பிடிக்கற கை."

அவன் போன பிறகும் வெகுநேரம் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. கொல்லரின் மனைவி டெட்டே வாசலில் வந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை. சபை மேட்டு ஓக் மரத்தடியில் பத்து ஊர்க் கூட்டம். ஓஸ்கார் குற்றத்தைச் சொன்னான். டுன்னா புண்ணில்லாத கையைச் சிலுவையில் வைத்து, குரல் நடுங்க, "ஆண்டவர்மேல் ஆணை, சொல்லாலும் செயலாலும் இந்தத் திருட்டில் எனக்குப் பங்கில்லை" என்றான்.

"உன்னோட நிக்க யார் இருக்கா?" என்றார் மணியக்காரர்.

டுன்னா திரும்பியே பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? மில்ட்ரித் முக்காட்டுத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாதிரியார் இரும்பு இருந்த துணி மூட்டையை அவிழ்க்கக் குனிந்தார்.

"நான் இருக்கேன்."

ஹூனா! முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, விறுவிறுவென்று வந்து சிலுவையில் கை வைத்தார். "ஆண்டவர்மேல் ஆணை, டுன்னாவின் சத்தியம் சுத்தமானது, பொய் கலவாதது!" மரத்திலிருந்து இலை உதிரும்படி ஒரு குரல். அவருக்குப் பின்னால் லுல்லா. அப்புறம் வைக்கோல் போர்க்காரன். பிறகு மற்ற மூவர். ஒருவருக்கும் நாக்குத் தடுமாறவில்லை.

"கள்ளுக்காகப் பண்ற சத்தியம்!" என்றான் ஓஸ்கார்.

"கள்ளுக்காகப் பொய்ச் சத்தியம் பண்றவன் குரல் இப்படியா இருக்கும்?" என்றார் மணியக்காரர். "முப்பது வருஷமா இந்த மரத்தடியில கேக்கறேன். இவ்வளவு உறுதியா ஒருத்தரும் சொன்னதில்லை. டுன்னா நிரபராதி. ஓஸ்கார், அந்தப் பெண் பன்னியைத் திருப்பி ஓட்டிட்டு வா."

டுன்னாவுக்கு அழுகை பீறிட்டது. ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தான். அவர்கள் நெளிந்துகொண்டே நின்றார்கள். ஊர் ஒரு மனிதனைக் கைவிட்டது போலத் தெரியும், ஆனால் கைவிடாது என்று நினைக்க நினைக்க அவன் நெஞ்சு விம்மியது.

மேட்டிலிருந்து இறங்கும்போது பெண்கள் கூட்டத்தில் டெட்டே எதிர்ப்பட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் மனுஷனே இல்ல, தெய்வம்!" என்றான் டுன்னா, கண்ணைத் துடைத்தபடி. "ஆறு பேரும் கண்ணால பாத்த மாதிரி அடிச்சுச் சொன்னாங்களே! என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

டெட்டே அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நம்பிக்கை என்னய்யா பெரிய நம்பிக்கை? காட்டுல அந்தப் பன்னியைச் சுத்தி உக்காந்து தின்ன ஆறு பேருக்குத் தெரியாதா, தின்னாதவன் யாருன்னு?"