தறிக்குழியில் மாட்டிய எல்இடி பல்ப்

பக்கத்து வீட்டில் வெளிச்சம் கூடினால் நம் வீடு தானாகவே இருட்டாகிவிடும். பல்பை எத்தனை முறை துடைத்தாலும் சரியாகாது.

என் ஓரகத்தி சரோஜாவின் வீடு எங்கள் வீட்டை ஒட்டினது. நடுவில் ஒரே சுவர். (என் கொழுந்தன் பெண்டாட்டி. வயசில் என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது.) நானோ கடையில் உப்பு கேட்கக்கூட வெட்கப்படுகிறவள். ஒரு ஐப்பசி மாசம் அவள் வீடு முழுக்க எல்இடி பல்ப் மாட்டினாள். வீடு நகைக்கடை மாதிரி ஜொலித்தது. எங்கள் வீட்டு மஞ்சள் வெளிச்சத்தில் என் முகமே அழுக்காகத் தெரிந்தது.

"எங்க வீட்ல ஒரு குண்டு பல்புகூட இல்லக்கா. நீங்க இன்னும் அதையே வெச்சிக்கினு இருக்கீங்களே!" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள், வீட்டிலேயே தறி நெய்கிற என் மகன் குமார் ஜரிகை வாங்கப் போன நேரம் பார்த்து, கடைக்குப் போய் விரலால் காட்டியே எல்இடி வாங்கி வந்தேன். கூடம், சமையல்கட்டு, சாமி படம், கொல்லைக் கக்கூஸ் எல்லாம் மாட்டியாயிற்று. அப்போதும் மனசு ஆறவில்லை. தறிக்கு அடியில், நெய்கிறவன் காலை விட்டு மிதிக்கிற தறிக்குழிக்குள் ஒரு குண்டு பல்ப் பாக்கி.

அது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டின பட்டுப் பாவு ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். கீழே குண்டு பல்ப் எரிந்தால் அந்தச் சூட்டில் விறைப்பாக நிற்கும். தறிக்காரர் வீட்டில் இத்தனை வருஷம் சோறு தின்றவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆனால் சரோஜா வீட்டில் ஒன்றுகூட இல்லையாமே! கழற்றினேன். பழையதையெல்லாம் குப்பை வண்டியில் வீசினேன். உடைந்த சத்தம் நாதஸ்வரம் மாதிரி இனித்தது.

குமார் வந்தான். "நல்லா இருக்குதும்மா" என்று சாப்பிட்டுப் படுத்துவிட்டான். விடியும்வரை நல்ல மழை.

காலையில் தறியிலிருந்து ஒரு கத்தல்.

"யம்மா! குழியில என்னாத்த மாட்டி வெச்சிருக்கற?"

"ஏம்பா, வெளிச்சம் பத்தலியா?"

"வெளிச்சம் இருக்குது. சூடு எங்கமா? பாவப் பாரு, ஊறப்போட்ட சேமியா மாதிரி கெடக்குது!"

தறியில் இருந்தது பக்கத்து ஊர் கூரத்துக்காரர்களின் கல்யாணப் புடவை. முந்தானையில் கொஞ்சம்தான் பாக்கி. மறுநாள் வாங்க வருகிறார்கள், அதற்கடுத்த நாள் முகூர்த்தம். இழையோடு இழை ஒட்டிக்கொண்டு, மிதித்தால் அறுந்தது. பொண்ணு எதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரும்? கடை கடையாக ஓடினேன். வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தே கேட்டேன். "குண்டு பல்பா? அதெல்லாம் இப்ப வர்றதில்ல ஆயா" என்று சிரித்தார்கள்.

"சித்தி எதையும் தூக்கிப் போடாது. போய்க் கேளு" என்றான் குமார்.

அதற்கு நான் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்திருக்கலாம். போனேன். படியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாக்கா, சக்கரை வேணுமா?"

"இல்ல… குண்டு பல்பு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"ஒண்ணுகூட இல்லன்னியேடி!"

"வீட்லதாங்க்கா இல்லன்னேன். தறிக்குழியில இருக்கறத யாராச்சும் கழட்டுவாங்களா?" என்றவள் உள்ளே போய் ஒரு பக்கெட்டைத் தூக்கி வந்தாள். கழற்றின பல்பெல்லாம் பழைய துணியில் சுற்றி, முட்டை மாதிரி அடுக்கியிருந்தது. "மழைக்கு ஆவும்னு எடுத்து வெச்சேங்க்கா." இரண்டு கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் பாவு விறைத்தது. குமார் முந்தானையை முடித்தான். புடவை கூரம் போய்ச் சேர்ந்தது.

பல்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இருக்கட்டும்க்கா, உங்களுக்குத்தான் தேவப்படும்" என்று சொல்லிவிட்டாள். வாங்கிக்கொண்டிருந்தால் என் மானம் கொஞ்சம் திரும்பியிருக்கும். அதையும் அவளே வைத்துக்கொண்டாள்.

இப்போது மழை தூறினால் போதும். குமார் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "யம்மா, சித்தி பல்பப் போடு!" என்பான். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வரும்:

"சூடு பத்தலன்னா சொல்லுங்கக்கா, இன்னும் இருக்குது!"

எத்தனைதான் வைத்திருக்கிறாளோ!