கெட்டது பெட்டியிலிருந்து ஒரு தத்துவப் பாட்டு

போன லீவுல வீட்டுக்குப் போனப்போ அப்பா எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாரு. அக்காவோட நிச்சயதார்த்தத்துக்கு மைக்செட் சொல்லிட்டு வரணும்.

அவ்வளவுதான். விழுப்புரம் டவுனுக்குப் பஸ் ஏறணும், ஏகாம்பரம் அண்ணனோட எலக்ட்ரிக் கடையில தேதியைச் சொல்லணும், திரும்பி வரணும். எங்க வீட்டு ஆட்டை அனுப்பியிருந்தாக்கூட ஒழுங்கா சொல்லிட்டு வந்திருக்கும்.

போனது நான். எம்.ஏ. தமிழ், முதல் வருஷம்.

விடுதித் தோழிகளே, பழைய சினிமாப் பாட்டுன்னா எனக்கு உயிர்னு உங்களுக்குத் தெரியும். மெஸ்ஸுல நீங்க டிஸ்கோ பாட்டுக்குத் தட்டுல தாளம் போடும்போதெல்லாம் நான் சண்டைக்கு வந்திருக்கேன். "நாம பொறக்குறதுக்கு முன்னாடி வந்த பாட்டுல இருந்த கருத்து இப்போ எங்கேடி இருக்கு?"ன்னு கேட்டா, எதிர் ரூம் கலாவதி, "சாம்பார் ஆறுது, சாப்பிடு"ம்பா. இதெல்லாம் ஒரு பதிலா?

சரி, கடைக்கு வர்றேன்.

ஏகாம்பரம் அண்ணன் ரெக்கார்டுகளை ரெண்டு தகரப் பெட்டியில வெச்சிருந்தாரு. ஒண்ணு மேல மஞ்சள் குங்குமம். இன்னொண்ணு மேல ஒண்ணுமே இல்லை.

"புதுசா வந்தது எல்லாம் கீது பாப்பா. டிஸ்கோ போட்டு ஜமாய்ச்சிடலாம்."

"டிஸ்கோவா! எங்க வீட்லயா!"

மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்துலேர்ந்து வேன்ல வந்து இறங்கும்போது காதுல விழுற முதல் பாட்டு எதுன்னு நான் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தேன். வாழ்க்கை நிலையில்லாததுன்னு சொல்ற ஒரு தத்துவப் பாட்டு. அந்தக் காலத்துல பட்டிதொட்டியெல்லாம் ஓடின பாட்டு. நம்ம குடும்பத்தோட ரசனை என்னன்னு திண்டிவனத்துக்காரங்களுக்குத் தெரிய வேணாமா?

பாட்டைச் சொன்னதும் அண்ணன் முகம் மாறிப் போச்சு.

"யம்மா, அது இந்தப் பெட்டியில இல்ல. அந்தப் பெட்டியில கீது."

"எந்தப் பெட்டியில இருந்தா என்ன?"

"இன்னாம்மா இப்படிக் கேக்குற? இது நல்லது பெட்டி. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி. அது கெட்டது பெட்டி. சாவு, கருமாதி. அந்தப் பாட்டைப் பொணம் தூக்குறப்போதான் போடுவோம்."

எனக்கு வந்ததே கோபம்!

"மனுஷங்களைப் பிரிச்சு வெச்சது போதாதா? பாட்டையும் பிரிச்சுப் பூட்டி வெப்பீங்களா? எழுதினவரு இதைச் சாவுக்குன்னு எழுதிக் கொடுத்தாரா? சித்தர்கள் சொன்ன அதே கருத்துங்க இது!"

முக்கால் மணி நேரம் பேசினேன். பல்பு வாங்க வந்தவங்க, பல்பை மறந்துட்டு நின்னு கேட்டாங்க. கடைசியில அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"உன்கிட்ட பேசி ஜெயிக்க நம்மளால ஆவாதும்மா. எடுத்துக்கினு வர்றேன். நாளைக்கு நான் சொல்லலைன்னு மட்டும் சொல்லாத."

வெற்றி!

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லணும். அக்காவுக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு இடம் கடைசி நேரத்துல தட்டிப் போச்சு. ஒண்ணு ஜாதகம். இன்னொண்ணு, வந்தவங்க எதிர்ல குறுக்கே போன பூனை. மூணாவதா வந்த இந்தத் திண்டிவனத்து மாப்பிள்ளையை அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. "பூனையை எல்லாம் பிடிச்சுக் கட்டுங்க. யாரும் அதிகப்படியா வாயைத் திறக்கக் கூடாது"ன்னு நிச்சயதார்த்தத்தன்னிக்குக் காலையிலேயே அம்மா உத்தரவு போட்டாங்க. என்னைப் பார்த்தே போட்டாங்க.

பூனையைக் கட்டியாச்சு.

வேப்பமரத்துல ஏறி ஸ்பீக்கர் குழாயைக் கட்டின அண்ணன்கிட்ட, "ரோட்டுப் பக்கம் நல்லாத் திருப்பிக் கட்டுங்க"ன்னு சொன்னதும் நான்தான்.

பத்து மணிக்கு ரோட்டு முனையில வேன் தெரிஞ்சது. கை காட்டினேன். அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டு ரெக்கார்டுல முள்ளை வெச்சாரு. பாட்டு ஊரையே நிறைச்சுது.

வேன் சட்டுனு நின்னுது.

"அக்கா! பாட்டுக் கேக்க வண்டியையே நிறுத்திட்டாங்க!"

மாப்பிள்ளையோட அப்பா இறங்கினாரு. தோள்ல இருந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டினாரு. "பாரு, பாட்டுக்கு என்ன மரியாதை!" மாப்பிள்ளையோட அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கினாங்க. "உருகிட்டாங்க!" மாப்பிள்ளையோட தாய்மாமன் டீக்கடைப் பக்கம் ஓடிப் போய் ஒரு பெரிய ரோஜா மாலையோட வந்தாரு.

"மாலை எதுக்குடி?"ன்னு அக்கா கேட்டா.

தாம்பூலத் தட்டை எல்லாம் வேன்லயே விட்டுட்டு, யாரும் பேசாம, வரிசையா நடந்து வந்தாங்க. சமையல்கட்டுல பஜ்ஜி போட்டுக்கினு இருந்த அம்மா, கையைத் துடைச்சுக்கினு வாசலுக்கு வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா ஓடி வந்து கட்டிப் பிடிச்சு, "இப்படி ஆயிப்போச்சே சம்பந்தி!"ன்னு அழ ஆரம்பிச்சாங்க.

இந்த இடமும் தட்டிப் போச்சுன்னு நினைச்சு எங்க அம்மா அவங்களைவிடச் சத்தமா அழுதாங்க. உள்ளே அக்காவும் அழுதா.

அந்த நேரம் பார்த்து, பின்பக்கம் குளிச்சிட்டு, பட்டை விபூதியோட அப்பா வந்து நின்னாரு.

"வாங்க வாங்க சம்பந்தி! ஏன் நின்னுக்கினே இருக்கீங்க?"

மாப்பிள்ளையோட அம்மா போட்ட சத்தத்துல கட்டி வெச்ச பூனை அவுத்துக்கினு ஓடுச்சு. வந்தவங்களுக்கு நேர் குறுக்கே.

அப்புறம்தான் விவரம் வெளிய வந்தது. டீக்கடைக்காரர்கிட்ட "செத்தது யாருங்க?"ன்னு கேட்டிருக்காங்க. அவரு, "தெரியலைங்களே. அந்த வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளா இருமல்"னு சொல்லியிருக்காரு.

தாய்மாமன் கையில மாலையோட நின்னு, "சகுனமே சரியில்ல மச்சான். வேனைத் திருப்புங்க"ன்னாரு. மாப்பிள்ளையோட அப்பா தரையைப் பார்த்தாரு. அக்கா ஜன்னல் வழியா என்னைப் பார்த்தா. நான் அண்ணன் பக்கம் திரும்பி, பாட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன்.

பாட்டு நின்னுது. குழாய்ல ஏகாம்பரம் அண்ணன் குரல், ஊருக்கே கேக்குற மாதிரி வந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே! இந்த வீட்ல யாரும் சாவலை. இப்போ கேட்ட பாட்டு, இந்த வீட்டுச் சின்னப் பொண்ணோட நேயர் விருப்பம். நான் வேணாம்னு முக்கால் மணி நேரம் சொன்னேன். மைக்செட்டுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

அப்புறம் மாப்பிள்ளையோட அப்பா சிரிக்க ஆரம்பிச்சாரு. வயித்தைப் பிடிச்சுக்கினு சிரிச்சாரு.

எங்க அப்பா கழுத்தை நீட்டினாரு. "வாங்கினது வாங்கிட்டீங்க, போட்டுடுங்க. அந்த நேரத்துல போட்டா நான் பார்க்கவா போறேன்?"

மாலை விழுந்துது. தட்டு வேன்லேர்ந்து இறங்கிச்சு. நல்லது பெட்டி திறந்துது. டிஸ்கோதான்.

தாம்பூலம் மாத்துறப்போ மாப்பிள்ளையோட அப்பா சொன்னாரு: "சீர், செனத்தி எதுவும் நாங்க கேக்கலைங்க. ஒரே ஒரு நிபந்தனைதான். கல்யாணத்துக்குப் பாட்டு எங்க பொறுப்பு. சின்னப் பொண்ணு மைக்செட் பக்கமே வரக் கூடாது."

என்ன அநியாயம்! அது எவ்வளவு நல்ல பாட்டுன்னு எடுத்துச் சொல்ல எழுந்தேன்.

அதுக்குள்ள அக்கா என் வாயில ஒரு முழு மைசூர்பாகை வெச்சு அடைச்சிட்டா.